வாசகர் கேள்வி – பதில்: கொலைப்பழி சுமக்கும் துணைவர்கள்

அண்மைய வாரங்களில் வந்த கடிதங்களுள் பல ஒரே விடயத்தைப் பற்றியவை. கணவனைக் கொன்றதாக மனைவி மீதோ, மனைவியைக் கொன்றதாகக் கணவன் மீதோ பொய்யாகப் பழி விழ, உண்மைக் குற்றவாளியைத் தேடி அவர்களே புறப்படும் அமெரிக்கத் தொலைக்காட்சி மர்மப் படங்கள், தமிழ்க் குரலோடு கைபேசிகளுக்கு வந்து நம் மலைநாட்டு வீடுகளில் விரும்பிப் பார்க்கப்படுகின்றன. இம்முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: தேயிலை மலையில் வேலை முடிந்து வந்து, அடுப்படி வேலையும் ஓய்ந்த பிறகு நானும் மாமியாரும் இந்தப் படங்களைச் சேர்ந்து பார்ப்போம். எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரிக் காட்டுப் பாதை, ஒரே மேசை உள்ள பொலிஸ் நிலையம். காசில்லாமல் எடுத்த குப்பை என்று என் மகன் கேலி செய்கிறான். ஏன் இவை இப்படி ஒன்றுபோல இருக்கின்றன? — ஒரு வாசகி, தலவாக்கலை

பதில்: காசு குறைவு என்று உங்கள் மகன் சொல்வது சரி. குப்பை என்று அவர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

அமெரிக்காவில் ஏபிசி வலையமைப்பு 1969ஆம் ஆண்டில் வாரந்தோறும் ஒரு தொலைக்காட்சிப் படத்தை ஒளிபரப்பத் தொடங்கியது. அக்காலத்தில் ஒன்றரை மணி நேர ஒளிபரப்பில் விளம்பரம் போக எஞ்சியது ஏறத்தாழ 75 நிமிடங்களே. பின்னர் 1984இல் பெண் பார்வையாளர்களுக்கென ஆரம்பமான லைஃப்டைம் அலைவரிசை 1990இலிருந்து சொந்தமாகவே படங்களைத் தயாரிக்கத் தொடங்க, குடும்பத்துக்குள் நிகழும் கொலையும் பொய்ப்பழியும் இவ்வகைப் படங்களின் நிரந்தரக் கருவாயின. இவற்றுள் பெருந்தொகையானவை கதைப்படி அமெரிக்க நகரங்களில் நடந்தாலும், கனடாவின் வன்கூவர் நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலுமே படமாக்கப்படுகின்றன. அந்நகர் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் படத்தயாரிப்புக்கு வரிச்சலுகை வழங்குவதும், கனேடிய டொலரின் பெறுமதி அமெரிக்க டொலரைவிடக் குறைவாக இருப்பதும் அதற்குக் காரணங்கள். நீங்கள் மீண்டும் மீண்டும் காணும் ஈரமான ஊசியிலைக் காடும் சாம்பல் நிற வானமும் அந்த ஊருக்குரியவை.

படப்பிடிப்புக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்கள்தான் என்பதால், ஒரே வீட்டின் ஓர் அறை படுக்கையறையாகவும் இன்னோர் அறை சட்டத்தரணியின் அலுவலகமாகவும் மாறுகிறது. இரவுக் காட்சிக்கு விளக்கும் கூடுதல் கூலியும் வேண்டியிருப்பதால் கொலைகூடப் பட்டப்பகலில் நடக்கிறது. நீதிமன்றக் காட்சிக்கு ஆட்கள் பலர் தேவை. ஆகவே அது ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

இன்னொன்றையும் நீங்கள் கவனித்திருப்பீர்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இசை உயர்ந்து, ஒரு முகம் திகைத்து நிற்க, திரை கறுத்துப் பின் அதே இடத்திலிருந்து காட்சி தொடரும். அவை விளம்பரத்துக்காக விடப்பட்ட இடைவெளிகள். விளம்பரம் முடியும்வரை பார்வையாளர் எழுந்து போய்விடாதிருக்க, ஒவ்வொரு இடைவெளிக்கு முன்னரும் ஒரு புதிய சந்தேகத்தை விட்டுச் செல்ல வேண்டுமென்று கதாசிரியருக்குக் கட்டாயம் உண்டு.

இந்த வறுமையிலிருந்து ஒரு நன்மையும் விளைந்திருக்கிறது என்பது என் கருத்து. வெளியே போகக் காசில்லாத படம் வீட்டுக்குள்ளேயே தங்கி, அலுமாரியில் மடித்து வைத்த சட்டையையும், ஒளித்து வைத்த கடன் கடிதத்தையும், கணவன் வழக்கமாகத் தேநீருக்கு எத்தனை கரண்டி சீனி போடுவான் என்பதையும் பார்க்கத் தொடங்குகிறது. கூட வாழ்ந்தவருக்கு மட்டுமே தெரிந்த அப்படியொரு சிறு செய்தியில் உண்மை வெளிப்படும்போது, செலவு மிகுந்த எந்தப் படமும் தராத நிறைவை அது தருகிறது. நீங்களும் மாமியாரும் சேர்ந்திருந்து பார்ப்பதற்குக் காரணமும் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

கேள்வி: பாதிப் படத்திலேயே கொலைகாரரை நான் கண்டுபிடித்துவிடுகிறேன். இது என் திறமையா, படத்தின் குறையா? — ஓர் ஆசிரியர், ஹற்றன்

பதில்: இரண்டும் உண்டு. பேசும் பாத்திரங்கள் ஏழெட்டுப் பேர்தான் என்னும்போது, கதைக்கு எந்த வேலையும் செய்யாமல் அடிக்கடி வந்துபோகும் ஒருவர் இருந்தால் அவர் சும்மா வரவில்லை என்பது விளங்கிவிடும். பழி சுமந்தவளுக்கு முதல் நாளே சமைத்த உணவோடு வந்து ஆறுதல் சொல்லும் தோழியை, அல்லது விசாரணைக்கு ஓடி ஓடி உதவும் வியாபாரப் பங்காளியைத் தமிழ் வாசகர் எளிதில் சந்தேகிப்பார். இந்தச் சூத்திரம் நமக்குப் புதிதன்று. அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லனே கோவலனைக் கள்வனென்று அரசனிடம் காட்டிக்கொடுத்தான். ஆராயாமல் தண்டித்த பிறகு, முத்துப் பரலா மாணிக்கப் பரலா என்று சிலம்பை உடைத்துக் காட்டி நிரூபித்தவள் மனைவி. தன் சிலம்பினுள் என்ன பரல் இருக்கிறது என்பது அதை அணிந்திருந்தவளுக்குத்தான் தெரியும்.

படம் நேர்மையானதா என்பதை அறிய நான் பார்ப்பது ஒன்றே. குற்றவாளி யாரென்று தெரிந்த பின் முதலிலிருந்து மீண்டும் பார்த்தால், தடயங்கள் நம் கண்முன்னே கிடந்திருக்க வேண்டும். கடைசிப் பத்து நிமிடத்தில் எங்கிருந்தோ வந்த ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டால் அது பார்வையாளரை ஏமாற்றுவதாகும்.

கேள்வி: பத்து நிமிடத்தில் முழுக் கதையையும் தமிழில் சொல்லிவிடும் காணொளிகள் இருக்கும்போது படத்தை ஏன் பார்க்க வேண்டும்? — ஒரு மாணவர், கொட்டகலை

பதில்: சந்தேகத்தோடு ஒன்றரை மணி நேரம் கூட இருப்பதற்காக. அதைச் சுருக்கிச் சொல்ல இயலாது.

கேள்வி: இப்படி உண்மையிலேயே நடந்ததுண்டா? கதைக்காகப் புனைந்ததுதானே? — ஓய்வுபெற்ற தோட்ட உத்தியோகத்தர், பண்டாரவளை

பதில்: நடந்ததுண்டு. இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன். ஒன்று அமெரிக்காவில் நடந்தது. மற்றது நம் நாட்டில், நம்மவர் ஒருவர் மீது தொடுக்கப்பட்டது.

1954 ஜூலை 4ஆம் திகதி அதிகாலை, ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லண்ட் நகருக்கு அருகில், சாம் ஷெப்பர்ட் என்னும் வைத்தியரின் கர்ப்பிணி மனைவி மெரிலின் வீட்டில் அடித்துக் கொல்லப்பட்டார். உள்ளே புகுந்த ஒருவனே கொன்றான், தன்னையும் தாக்கினான் என்று வைத்தியர் கூறினார். பத்திரிகைகள் அதை நம்பவில்லை. அவரை ஏன் இன்னும் கைது செய்யவில்லை என்று முதற்பக்கத்திலேயே கேட்டன. அவ்வாண்டு டிசம்பரில் அவர் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டு, ஏறத்தாழப் பத்தாண்டுகள் சிறையிலிருந்தார். 1966இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பத்திரிகைகளின் ஆரவாரத்துக்கு நடுவே நடந்த அவ்விசாரணை நீதியானதன்று என்று தீர்ப்பை இரத்துச் செய்ய, அதே ஆண்டு நடந்த மறுவிசாரணையில் அவர் விடுதலையானார். நான்கு ஆண்டுகளில் இறந்தும் போனார். தந்தை நிரபராதி என்று அறிவிக்கக் கோரி மகன் தொடர்ந்த வழக்கிலும் 2000ஆம் ஆண்டில் ஜூரிகள் அவ்வாறு அறிவிக்க மறுத்தனர். விடுதலைக்குப் பின்னும் பழி முற்றாகக் கழுவப்படவில்லை.

ஷெப்பர்ட் சிறையிலிருந்த காலத்திலேயே, 1963இல், மனைவியைக் கொன்றதாகப் பொய்யாகத் தண்டிக்கப்பட்ட வைத்தியர் ஒருவர் தப்பியோடியபடி உண்மைக் கொலையாளியான ஒற்றைக் கை மனிதனைத் தேடும் ‘தி ஃபியூஜிடிவ்’ என்னும் தொடர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கியது. அதன் படைப்பாளர் அந்த வழக்குக்கும் தொடருக்கும் தொடர்பில்லை என்றே சொல்லிவந்தார். 120ஆவது அத்தியாயமாக, 1967 ஓகஸ்ட் 29ஆம் திகதி அதன் முடிவு ஒளிபரப்பானபோது, அவ்வேளை தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த அமெரிக்கர்களுள் 72 வீதமானோர் அதையே பார்த்தனர். இன்று உங்கள் கைபேசிக்கு வரும் படங்கள் பல, அறிந்தோ அறியாமலோ, அத்தொடரின் வழிவந்தவை.

இனி நம் நாட்டு வழக்கு. மகாதேவ சதாசிவம் என்ற பெயரை நீங்கள் நிச்சயம் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1947இல் சென்னை சேப்பாக்கத்தில் 215 ஓட்டங்கள் குவித்த, இலங்கை அணிக்குத் தலைமை தாங்கிய அதே துடுப்பாட்ட வீரர். 1951 ஒக்டோபர் 9ஆம் திகதி பம்பலப்பிட்டியில் அவருடைய மனைவி, நான்கு பெண் பிள்ளைகளின் தாய், வீட்டின் வாகனக் கொட்டிலில் கழுத்து நெரிக்கப்பட்ட நிலையில் இறந்து கிடந்தார். கணவன் மனைவிக்கிடையே விவாகரத்து வழக்கு இருந்தபடியால் சந்தேகம் உடனே கணவன் மீது விழுந்தது. அவ்வீட்டில் வேலை செய்த வில்லியம் என்ற இளைஞர், கொலைக்குத் தான் உதவியதாகச் சொல்லி, மன்னிப்புப் பெற்று அரச தரப்புச் சாட்சியானார்.

57 நாட்கள் நடந்த அவ்வழக்கின் மையம் ஒரு கடிகாரக் கணக்குத்தான். அன்று காலை 10.30 மணியளவில் சதாசிவம் வாடகைக் காரில் வீட்டை விட்டுப் புறப்பட்டார். மரணம் அதற்கு முன்னரா, பின்னரா? சதாசிவத்துக்காக வாதாடிய கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா, எடின்பரோவிலிருந்து சேர் சிட்னி ஸ்மித் என்ற தடயவியல் மருத்துவரை வரவழைத்தார். இறந்தவரின் உள்ளங்கால்களில் படிந்திருந்த அழுக்குக்கூட ஆராயப்பட்டது. மாடிப் படுக்கையறையில் கொலை நடந்தது என்ற வில்லியமின் வாக்குமூலத்துக்கு மாறாக, அந்த அழுக்கு சமையலறையைச் சுட்டியது. 1953 ஜூனில் ஜூரிகள் ஏகமனதாக அவரை நிரபராதி என்றனர். அதுவரை அவர் ஒன்றரை ஆண்டுக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார்.

இந்த இடத்தில் ஒரு கவலையைச் சொல்லாமல் அப்பால் செல்ல என்னால் இயலவில்லை. அந்த அம்மையாரைக் கொன்றது யார் என்பது எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்கப்படவில்லை. ஆயினும் இவ்வழக்கைப் பற்றிப் பேசும் எவரும் வேலைக்கார இளைஞரைக் கொலைகாரராக்கிவிட்டே கதையை முடிப்பதைக் கேட்டிருக்கிறேன். நம் மலைநாட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் கொழும்பு வீடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள்! வீட்டில் ஒரு சங்கிலி காணாமற்போனால் முதலில் யாருடைய பெட்டி திறக்கப்படும் என்பது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தொலைக்காட்சிப் படங்களிலும், தோட்டக்காரனையோ வேலைக்காரப் பெண்ணையோ குற்றவாளியாக்கி, அழகான கணவனை விடுவித்து முடிப்பவை உண்டு. நிரபராதி ஒருவரை மீட்பதற்கு அவரைவிட எளியவர் ஒருவரின் தலையில் பழியை இறக்கிவைக்கும் கதை, முதலில் செய்த அநியாயத்தையே இன்னொரு முறை செய்கிறது. ஆதாரம் அவரைச் சுட்டினால் சுட்டட்டும். ஆனால் அவருக்கும் ஒரு வாழ்வும், செய்ததற்கு ஒரு காரணமும், பேசுவதற்கு ஒரு காட்சியும் கொடுக்கப்பட வேண்டும்.

கேள்வி: நான் பெண்களின் முறைப்பாடுகளைக் கேட்டு உதவும் பணியில் இருக்கிறேன். கொல்லப்படும் பெண்களுள் அநேகர் கணவனாலோ குடும்பத்தவராலோதான் கொல்லப்படுகிறார்கள். கணவன் நிரபராதி என்று காட்டும் படங்கள் மக்களைத் தவறாக வழிநடத்தாதா? — ஒரு வாசகி, பதுளை

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது. ஐக்கிய நாடுகள் சபையின் போதைப்பொருள் மற்றும் குற்றம் தொடர்பான அலுவலகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் உலகில் கொல்லப்பட்ட ஏறத்தாழ 89,000 பெண்கள், சிறுமியருள் 55 வீதமானோர் துணைவராலோ குடும்பத்தவராலோ கொல்லப்பட்டவர்கள். பொலிஸார் முதலில் கணவனை விசாரிப்பதற்கு இத்தகைய அனுபவமே அடிப்படை. அதை முட்டாள்தனமாகக் காட்டும் படம் உண்மைக்கு மாறாகப் பேசுகிறது.

ஆனால் விசாரிப்பது வேறு, முடிவு கட்டிவிட்டு விசாரிப்பது வேறு. நல்ல படங்கள் இந்த இரண்டாவதைத்தான் குறைகூறுகின்றன. லைஃப்டைம் படங்களில் பழி சுமப்பவள் பெரும்பாலும் மனைவி என்பதையும் கவனியுங்கள். கணவனிடம் அடிபட்டவள் என்பதே அவளுக்கு எதிரான ஆதாரமாகி, “அவளுக்குத்தான் காரணம் இருந்தது” என்று ஊர் சொல்லும் நிலையை அவற்றுட் சில மிகுந்த கவனத்தோடு காட்டியிருக்கின்றன. உங்களிடம் வரும் பெண்களின் கதையோடு அது ஒத்துப்போகும் என்றே நினைக்கிறேன்.

என் குறை வேறொன்று. இறந்தவரை இப்படங்கள் மறந்துவிடுகின்றன. முதல் ஐந்து நிமிடத்தில் புகைப்படமாகத் தோன்றும் மனைவி, பின்னர் வெறும் புதிராகிவிடுகிறாள். அவள் யார், எதற்குச் சிரிப்பாள், யாருக்குக் கடிதம் எழுதினாள் என்பதைச் சொல்லப் படத்துக்குப் பெருஞ்செலவு ஆகாது.

கேள்வி: படங்களில் கொலைக் குற்றம் சாட்டப்பட்டவர் மறுநாளே பிணையில் வந்து துப்புத் துலக்குகிறார். இங்கே அப்படி முடியுமா? கணவனுக்காக மனைவி சாட்சி சொல்லலாமா? — ஒரு மாணவி, நுவரெலியா

பதில்: முதலாவது, நம் நாட்டில் நடக்கக்கூடியதன்று. 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டப்படி, மரண தண்டனைக்குரிய குற்றத்தில் சந்தேகிக்கப்படுபவரை மேல் நீதிமன்ற நீதிபதியே பிணையில் விடலாம். நீதவானுக்கு அந்த அதிகாரமில்லை. ஆகவே இங்கே துப்புத் துலக்க வேண்டியவர் வெளியே இருக்கும் மனைவியோ, தாயோ, தங்கையோதான்.

இரண்டாவதற்கு, 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 120ஆம் பிரிவு விடை தருகிறது. குற்றம் சாட்டப்பட்டவர் அழைத்தால் அவருடைய கணவனோ மனைவியோ சாட்சி சொல்லலாம். ஆனால் அப்போது இருவருக்குமிடையே நடந்த உரையாடல்கள் இரகசியமாகப் பாதுகாக்கப்படமாட்டா. துணைவரைத் தாக்கிய வழக்கென்றால், தாக்கப்பட்டவரை அரச தரப்பே சாட்சியாகக் கட்டாயப்படுத்தி அழைக்கலாம். இரவில் பேசிய பேச்செல்லாம் மன்றில் விரியும் என்று தெரிந்தும் கணவனைக் காப்பாற்றக் கூண்டேறும் மனைவியை எண்ணிப் பாருங்கள். அமெரிக்கப் படங்கள் எட்டாத ஒரு காட்சி நம் சட்டப் புத்தகத்திலேயே கிடக்கிறது.

இன்னொன்றும் உண்டு. வடக்கு, கிழக்குக்கு வெளியே நீதிமன்ற மொழி சிங்களம். தமிழில் பங்குபற்றவும், மொழிபெயர்ப்பைப் பெறவும் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. தமிழில் சொன்னது சிங்களத்தில் எழுதப்பட்டுக் கையொப்பத்துக்கு நீட்டப்படும் அந்தக் கணத்தில், ஒரு சொல் பிசகினாலும் ஓர் உயிர் பிசகும். வாசித்து விளக்கச் சொல்லிக் கேட்ட பின்பே கையொப்பமிட வேண்டும் என்பதைப் படம் பார்க்காதவர்களுக்கும் சொல்லுங்கள்.

கேள்வி: நாங்கள் நான்கு நண்பர்கள். ஒரு கைபேசியும், பத்து நாள் விடுமுறையும், ஒரு லயக் காம்பராவும் இருக்கின்றன. கணவனைக் கொன்றதாகப் பழி சுமக்கும் கொழுந்தெடுக்கும் பெண்ணைப் பற்றி 40 நிமிடப் படம் எடுக்க ஆசை. எங்கே தொடங்குவது? — ஓர் இளைஞர், மஸ்கெலியா

பதில்: கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தொடங்குங்கள். வன்கூவர்க்காரர்களிடம் இல்லாத ஒரு கடிகாரம் உங்களிடம் இருக்கிறது. காலை, பகல், மாலை என்று கொழுந்து நிறுக்கும் நேரம் வைத்திருக்கிறார்கள். யார் எத்தனை கிலோ என்று அப்போதே பதிவாகிறது. கணவன் இறந்த வேளையில் அவள் மலையில் இருந்தாளா, வீட்டில் இருந்தாளா என்பதற்கு அந்தக் கணக்குப் புத்தகமே சாட்சி.

ஆனால் அதில் ஒரு சிக்கலை வைத்தால்தான் கதை உயிர்பெறும். ஒரு நாளில் பறிக்க வேண்டிய அளவான நோம் எட்டாவிட்டால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் என்பதால், ஒருவர் பறித்த கொழுந்தை இன்னொருவர் பேரில் நிறுத்து உதவுவதும் நடக்கிறதல்லவா? பகல் நிறுவையில் அவள் பேரில் பதினொரு கிலோ இருக்கிறது. கொண்டுவந்து நிறுத்தவள் தங்கை. அப்படியானால் அவள் எங்கே போயிருந்தாள்? காய்ச்சலில் கிடந்த பிள்ளையோடு டிஸ்பென்சரி வாசலில் காத்திருந்தாள் என்று வைத்துக்கொள்வோம். அதைச் சொன்னால் அக்காள் மீண்டுவிடுவாள், பொய்க் கணக்குக்காகத் தங்கையும், கண்டும் காணாமல் எழுதிய கங்காணியும் வேலை இழப்பார்கள். இதனால் அவள் வாய்மூடி இருக்கிறாள். பொலிஸார் அந்த மௌனத்தைக் குற்றமென்று எடுத்துக்கொள்கிறார்கள்.

நடிகர்கள் ஆறு பேர் போதும். நீதிமன்றத்தைக் காட்ட வேண்டாம். விளக்கமறியலுக்குப் போய்வரும் தாயின் பஸ் பயணத்தைக் காட்டுங்கள். மழைச் சத்தம் தகரக் கூரையில் விழும்போது வசனம் பதிவு செய்யாதீர்கள். ஒலி கெட்டால் படம் கெடும். கொலையாளி யார் என்பதை நீங்களே தீர்மானியுங்கள். அவரை முதல் ஐந்து நிமிடத்துக்குள் காட்டிவிடுங்கள், அவரும் நம்மில் ஒருவராகவே இருக்கட்டும். இறந்த கணவனையும் ஒரு காட்சியிலாவது உயிரோடு, பிள்ளையைத் தோளில் சுமந்து வருபவனாகக் காட்டுங்கள். எடுத்து முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், பார்த்து எழுதுகிறேன்.